ரால்ஃப் நேடர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டாரா?

கேள்வி இதுதான்: "ரால்ஃப் நேடர் பெரிய கார் கம்பெனியையே பணிய வைத்த வக்கீல் என்கிறார்கள். அப்படிப்பட்டவர், ஜெயிக்கவே முடியாத மூன்றாவது கட்சி அரசியலில் இறங்கி, 2000-இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோரைத் தோற்கடித்து குடியரசுக் கட்சியின் புஷ்ஷை ஜனாதிபதியாக்கிவிட்டு, சம்பாதித்த பெயரையும் கெடுத்துக்கொண்டது ஏன்?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புஷ் ஜெயித்ததற்கு நேடர்தான் காரணமா என்பது ஒன்று. நீதிமன்றத்திலும் செனட்டிலும் அத்தனை சாதித்தவர் தேர்தலில் மட்டும் ஏன் ஒன்றும் சாதிக்கவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் 26 ஆண்டுகளாக நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். அமெரிக்க அரசியல் என் தொழில் அல்ல, அதைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் நேடரின் சட்டப் பணி என் துறைக்கு மிக நெருக்கமானது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நேடர் 1934 பிப்ரவரி 27 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் வின்ஸ்டெட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அப்பா ஊரில் உணவகம் நடத்தினார். ஊர் விவகாரங்கள் எல்லாம் அங்கேதான் அலசப்படும். அம்மா ரோஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1955-இல் வின்ஸ்டெட்டைப் பெருவெள்ளம் அழித்தபோது, அந்த மாநிலத்து செனட்டர் பிரஸ்காட் புஷ் ஊருக்கு வந்தார். கைகுலுக்கிய ரோஸ், அணை கட்டித் தருவதாக அவர் வாக்குக் கொடுக்கும் வரை பிடித்த கையை விடவில்லையாம். அணை வந்தது. அந்த செனட்டரின் பேரன்தான் 2000 தேர்தலில் நின்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ். இந்தக் கதையை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பிடித்ததை விடாத அந்தக் குணம் மகனிடமும் அப்படியே இருந்தது. அவர் செய்த நல்லதும், அவர்மீது விழுந்த பழியும் அதிலிருந்து வந்தவைதான்.

பிரின்ஸ்டனில் பட்டம், 1958-இல் ஹார்வர்டில் சட்டம். மாணவராக இருந்தபோது வழியில் போகும் வண்டிகளில் லிஃப்ட் கேட்டே நாட்டைச் சுற்றினார், சாலை விபத்துகளைக் கண்ணால் கண்டார். அப்போது விபத்து என்றால் ஓட்டியவர்மேல்தான் தப்பு. வண்டியைச் செய்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். நேடர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1959-லேயே ஒரு வார இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ராணுவத்தில் ஆறு மாதம் சமையல் வேலை, ஹார்ட்ஃபோர்டில் வக்கீல் தொழில், கொஞ்ச நாள் கல்லூரியில் பாடம். அப்புறம் வாஷிங்டன் போய்த் தொழிலாளர் துறையில் ஆலோசகரானார். ராணுவக் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய 12 ஜோடி காலணிகளைத்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேல் போட்டுக்கொண்டிருந்தாராம். தொழில் தொடங்கியதிலிருந்து அவருக்குப் பணத்தாசை காட்டி ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது எதிரிகளும் ஒப்புக்கொண்டது.

1965 நவம்பரில் 'எந்த வேகத்திலும் ஆபத்து' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய புத்தகம் வந்தது. முதல் அத்தியாயம் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கோர்வேர் காரைப் பற்றியது. பின்பக்கம் எஞ்சின் வைத்த கார் அது. ஆரம்ப மாடல்களில் பின்சக்கர அமைப்பு சரியில்லை, சட்டென்று திருப்பினால் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கும், செலவைக் குறைக்க அதைத் தடுக்கும் கம்பியைப் போடாமல் விட்டார்கள் என்பது அவர் வாதம். ஆனால் என் தொழிலில் இன்றைக்கும் உதவுவது அடுத்து அவர் சொன்ன 'இரண்டாவது மோதல்'. கார் எதன்மீதோ மோதுவது முதல் மோதல். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்மீதோ டேஷ்போர்டுமீதோ மோதுவது இரண்டாவது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். முதல் மோதலுக்கு ஓட்டுநரைக் குறை சொல்லலாம், இரண்டாவதற்குக் காரைச் செய்தவர்தானே பதில் சொல்ல வேண்டும்? ஒரு வழக்கின் பொறுப்பையே இடம் மாற்றி வைத்துவிட்ட வாதம் இது. ஒரு நல்ல வக்கீலின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

புத்தகம் வந்ததும் நிறுவனம் பதில் சொல்லவில்லை, துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தியது. நண்பர்கள், ஆசிரியர்கள் என்று எல்லோரிடமும் விசாரணை நடந்தது. நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசித் தொந்தரவு, பெண்களை அனுப்பி வலை விரிக்கும் முயற்சி என்றெல்லாம் நேடர் புகார் சொன்னார். 1966 மார்ச் 22 அன்று செனட்டர் ரிபிகாஃப் தலைமையிலான துணைக்குழு முன் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். உலகின் மிகப் பெரிய நிறுவனம் 32 வயது வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டதை நாடே பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். நேடர் அதோடு விடவில்லை, தனியுரிமையை மீறியதற்காக நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். 1970-இல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணத்தை நுகர்வோர் அமைப்புகளுக்கே செலவிட்டார். அவரை வேவு பார்க்கப் போய், அவருடைய இயக்கத்துக்கு முதலீடு கொடுத்துவிட்டது நிறுவனம்.

இங்கே உறுதியானது எது, விவாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சட்டம் வந்தது, அதற்கு அந்தப் புத்தகமும் விசாரணையும் பெருந்தூண்டுதல் என்பது உறுதி. 1966-இல் அமெரிக்காவில் வாகனங்கள் ஓடிய ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் ஐந்தரைப் பேர் செத்தார்கள். இப்போது அது ஒன்றேகால் அளவுக்கு இறங்கிவிட்டது. இதில் சாலை, மருத்துவம், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. முழுவதையும் நேடர் கணக்கில் எழுதுவது சரியாகாது. கோர்வேர் காரைப் பொறுத்தவரை, 1972-இல் அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனமே சோதித்துப் பார்த்து, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. நேடர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அவரைப் போற்றுபவர்கள் இந்த அறிக்கையைச் சொல்லாமல் விடுகிறார்கள், தூற்றுபவர்கள் இதை மட்டுமே சொல்கிறார்கள். என் கருத்து: கோர்வேர் அவர் எடுத்த உதாரணம், வழக்கு மொத்தக் கார் தொழிலின்மேல். உதாரணம் ஆட்டம் கண்டாலும் வழக்கு நின்றது.

அடுத்த பத்தாண்டுகள்தான் அவருடைய பொற்காலம். 1968-இல் ஒரு சட்ட மாணவர் படையைச் சேர்த்துக்கொண்டு, வணிகத்தைக் கண்காணிக்க வேண்டிய மத்திய வர்த்தக ஆணையம் எப்படித் தூங்குகிறது என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். பத்திரிகைகள் அவர்களை 'நேடரின் படை' என்றே அழைத்தன. 1971-இல் பப்ளிக் சிட்டிசன் அமைப்பு வந்தது. இறைச்சிச் சோதனை, பணியிடப் பாதுகாப்பு, குடிநீர், தகவல் பெறும் உரிமை என்று அந்தக் காலத்தில் வந்த பல சட்டங்களில் அவருடைய ஆட்களின் உழைப்பு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வழக்கு. 1972-இல் ஹார்ட்ஃபோர்டில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போக அலெகெனி ஏர்லைன்ஸில் டிக்கெட் வாங்கியிருந்தார். இருக்கைகளைவிட அதிக டிக்கெட் விற்றிருந்ததால் அவரை ஏற்றவில்லை. நம்மில் பலர் கத்திவிட்டு அடுத்த விமானத்துக்குக் காத்திருப்போம். அவர் வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிக டிக்கெட் விற்பதைச் சொல்லாமல் மறைத்தது ஏமாற்று என்று பயணி நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம், விமானப் போக்குவரத்து வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று 1976-இல் தீர்ப்பு வந்தது. இடமில்லாதபோது முதலில் தாமாக இறங்க முன்வருபவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி 1978-இல் வந்தது. இன்று விமானத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு 'யாராவது அடுத்த விமானத்தில் வருகிறீர்களா, இவ்வளவு தருகிறோம்' என்று கேட்கிறார்களே, அதற்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது.

இந்த வழக்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றம் என்பது ஒரு விசித்திரமான இடம். வெளியே ஒரு தனி ஆள் ஒரு பெரிய நிறுவனத்துக்கு எறும்பு. உள்ளே வந்து மனு போட்டுவிட்டால் இருவரும் ஒரே உயரம். மனுவுக்கு நிறுவனம் பதில் தாக்கல் செய்தே ஆக வேண்டும், தட்டிக்கழிக்க முடியாது. என்னிடம் வந்த ஓர் அம்மா, பழுதான தையல் இயந்திரத்துக்கு மாற்று கேட்டு ஒன்றரை ஆண்டு கடைக்கு அலைந்தவர். நோட்டீஸ் அனுப்பிய பதினைந்தாவது நாள் கடைக்காரர் வீட்டுக்கே வந்து நின்றார். 'அதே ஆள்தானா சார் இது?' என்று அந்த அம்மா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நேடர் வாழ்நாள் முழுக்க இந்தச் சக்தியைத்தான் பயன்படுத்தினார். செனட் விசாரணையும் அவருக்கு ஒரு நீதிமன்றம்தான். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது.

பிறகு அந்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. நுகர்வோருக்காகத் தனி அரசு நிறுவனம் அமைக்கும் மசோதாவுக்கு நேடர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1978 பிப்ரவரியில் 227-க்கு 189 என்று பிரதிநிதிகள் சபையில் அது தோற்றது. அப்போது ஜனாதிபதி ஜனநாயகக் கட்சிக்காரர், சபையிலும் அந்தக் கட்சிக்கே பெரும்பான்மை. அப்புறம் குடியரசுக் கட்சியின் ரேகன் ஆண்ட எட்டு ஆண்டுகள். கிளிண்டன் வந்தால் கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம், ஜனநாயகக் கட்சியே பெருநிறுவனப் பணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு கட்சியும் ஒன்றே என்ற முடிவுக்கு நேடர் வந்தது இப்படித்தான். அவர் சொன்ன அளவுக்கு இரண்டும் ஒன்று என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் படியேறி வெறுங்கையோடு திரும்பியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

1996-இல் பசுமைக் கட்சி வேட்பாளராகப் பெயரளவில் நின்றார். கிட்டத்தட்ட செலவே செய்யாமல் 6.85 லட்சம் ஓட்டு வாங்கினார். 2000-இல் முழு மூச்சாக இறங்கினார். துணை ஜனாதிபதி வேட்பாளர் வினோனா லடூக். கட்டணம் வைத்த கூட்டங்களுக்கே ஆயிரக்கணக்கில் வந்தார்கள், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனும் நிரம்பியது. இலக்கு ஜெயிப்பதல்ல, 5 சதவீதம். அது கிடைத்தால் அடுத்த தேர்தலில் கட்சிக்கு அரசு நிதி கிடைக்கும். ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் கலந்துகொள்ள ஐந்து கருத்துக்கணிப்புகளில் சராசரி 15 சதவீதம் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பாஸ்டனில் முதல் விவாதம் நடந்த அன்று பார்வையாளர் டிக்கெட்டோடு போனவரைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் வழக்குப் போட்டார், 2002-இல் மன்னிப்புக் கடிதத்தோடு சமரசமானது. தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அந்தக் கடிதத்தால் ஓர் ஓட்டுக்கூட வராது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். நாடு முழுவதும் நேடருக்கு 28.8 லட்சம் ஓட்டு, 2.74 சதவீதம். ஃபுளோரிடாவில் 97,488. அங்கே புஷ் முன்னிலை 537. நியூ ஹாம்ப்ஷயரில் புஷ் முன்னிலை 7,211, நேடருக்கு 22,198. நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியது கோர். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் எல்லோரும் போவார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் நான்கு தேர்வாளர்கள் மட்டும் கிடைத்திருந்தால் ஃபுளோரிடா இல்லாமலேயே கோர் ஜனாதிபதி. இவை மாறாத கணக்குகள். நேடர் இல்லாவிட்டால் அந்த ஓட்டுகள் எங்கே போயிருக்கும் என்பதுதான் ஊகம். ஃபுளோரிடாவின் பத்து மாவட்டங்களின் வாக்குச்சீட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர்கள், நேடருக்கு விழுந்த ஓட்டுகளில் சுமார் 60 சதவீதம் கோருக்கும் மீதி புஷ்ஷுக்கும் போயிருக்கும் என்றார்கள். பொதுவாக நினைப்பதைவிட இது நெருக்கமான பிரிவு. ஆனாலும் 537-ஐத் தாண்ட இது போதும், பாதிப்பேர் ஓட்டே போடாமல் இருந்திருந்தாலும் போதும். ஆக, நேடர் ஃபுளோரிடாவில் நிற்காமல் இருந்திருந்தால் கோர் ஜெயித்திருப்பார் என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். அவருடைய ஆதரவாளர்கள் இதை மறுப்பதில் பயனில்லை.

ஆனால் சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். 'இது இல்லாவிட்டால் அது நடந்திருக்காது' என்பது வேறு, 'அதற்கு இவர்தான் பொறுப்பு' என்பது வேறு. அதே ஃபுளோரிடாவில் நின்ற சின்னக் கட்சி வேட்பாளர்கள் எல்லோருமே 537-க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். பத்து பேரில் கடைசியாக வந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி வேட்பாளருக்கே 562. பாம் பீச் மாவட்டத்தில் பெயர்களை இரு பக்கமும் குழப்பமாக அச்சிட்ட வாக்குச்சீட்டினால் கோருக்குப் போட நினைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தவறி இன்னொரு சின்னக் கட்சி வேட்பாளரான பியூகேனனுக்குக் குத்திவிட்டதாக ஆய்வு சொல்கிறது. மறு எண்ணிக்கைக்கு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று முடிவு கட்டியது. கோர் தன் சொந்த மாநிலமான டென்னஸியிலேயே தோற்றார். இவற்றில் எந்த ஒன்று மாறியிருந்தாலும் முடிவு மாறியிருக்கலாம். இத்தனை காரணங்களில் ஒருவர் தலையில் மட்டும் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை.

அப்படியானால் அவருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அவருடைய பழைய படையைச் சேர்ந்தவர்களே ஒன்றுசேர்ந்து, போட்டி கடுமையான மாநிலங்களில் பின்வாங்குங்கள் என்று கெஞ்சினார்கள். கேட்கவில்லை. கோரைத் தோற்கடிப்பதற்காகவே அந்த மாநிலங்களைத் தேடிப் போனார் என்ற குற்றச்சாட்டை அவருடைய பயணங்களைக் கணக்கிட்ட ஆய்வு ஆதரிக்கவில்லை. கூடுதல் ஓட்டு எங்கே கிடைக்குமோ அங்கே போயிருக்கிறார். நோக்கம் கெட்டதில்லை, சரி. ஆனால் என்ன விளையும் என்று எச்சரித்த பிறகும் ஒருவர் அதைச் செய்தால், கார் கம்பெனிகள் விஷயத்தில் நேடர் அதை எப்படிப் பார்த்தார்? தெரிந்தும் கம்பியைப் போடாமல் விட்டார்கள் என்றுதானே வாதிட்டார்? அந்த அளவுகோலை அவருக்கும் வைக்கத்தான் வேண்டும். அவர்மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. தேர்தலை அவர் ஒரு வழக்குப் போலவே நடத்தினார். மனு போடுவோம், எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் பழக்கம். ஆனால் அந்தத் தேர்தல் முறையில் 2.74 சதவீதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. இங்கே நாமும் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையில்தான் ஓட்டுப் போடுகிறோம். ஆனால் சிறிய கட்சிக்குக் கூட்டணி என்ற பேரம் இருக்கிறது, நான்கு தொகுதியாவது கேட்டு வாங்கலாம். ஜனாதிபதி பதவியைப் பங்கு போட முடியுமா? அதனால் அங்கே மூன்றாவது கட்சியின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், தனக்கு அருகில் இருப்பவரைத் தோற்கடிப்பது. ஜெனரல் மோட்டார்ஸோடு சமரசம் செய்துகொண்டபோது அவருக்கு 4,25,000 டாலர் கிடைத்தது. 2000-இல் விலகியிருந்தால் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது, நின்றதால் பழி கிடைத்தது. சமரசத்துக்கு வழியே இல்லாத ஒரு மன்றத்துக்குப் போய்விட்டார் என்பதுதான் என் வாசிப்பு.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் சுயேச்சையாக நின்றார். திரைப்பட இயக்குநர் மைக்கேல் மூர் தொலைக்காட்சியிலேயே மண்டியிட்டு, தேர்தலில் நிற்க வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினார். பல மாநிலங்களில் அவர் பெயர் வாக்குச்சீட்டில் வராமலிருக்க ஜனநாயகக் கட்சியினர் வழக்குப் போட்டார்கள். பென்சில்வேனியாவில் பெயரை நீக்கியதோடு 81,000 டாலருக்கு மேல் வழக்குச் செலவையும் அவர் தரப்பின்மேல் போட்டார்கள். அந்த வேலையை அரசுச் சம்பளத்தில் சட்டமன்ற ஊழியர்களே பார்த்தார்கள் என்று 2008-இல் குற்றப்பத்திரிகை வந்தது. மறுபக்கம், மிச்சிகனில் அவருக்குக் கையெழுத்துச் சேகரித்துக் கொடுத்தது குடியரசுக் கட்சி. இதையும் மறைக்கக் கூடாது. அந்த முறை 4.63 லட்சம் ஓட்டு, 2008-இல் 7.39 லட்சம்.

நீங்கள் கேட்டதில் 'பெயரைக் கெடுத்துக்கொண்டாரே' என்ற பகுதிக்கு இது என் பதில். ஒரு தலைமுறை அமெரிக்கர்களிடம் கெட்டுத்தான் போனது. அவர்கள் காரில் ஏறியதும் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டுக்கு அவரும் ஒரு காரணம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் கிளப்பிய சிக்கலுக்கு ஒரு தீர்வும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. மெய்ன் மாநிலம் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. முதல் விருப்பம் கடைசியில் வந்து நீக்கப்பட்டால், அந்த ஓட்டு இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். 2020 ஜனாதிபதித் தேர்தலை அங்கே இந்த முறையில்தான் நடத்தினார்கள். 2000-இல் ஃபுளோரிடாவில் இது இருந்திருந்தால், நேடருக்கு ஒன்று என்றும் கோருக்கு இரண்டு என்றும் போட்டுவிட்டு அவருடைய ஆதரவாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

நேடர் 2015-இல், 81 வயதில், தன் சொந்த ஊரான வின்ஸ்டெட்டில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். தீங்கு செய்தவரிடம் சாதாரண மனிதர் இழப்பீடு கேட்கும் சட்டத்துக்கான அருங்காட்சியகம் அது. எந்தெந்த வழக்கு எப்படி நடந்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி படம் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சிவப்பு கோர்வேர் நிற்கிறது.